காரின் கூலன்ட் எச்சரிக்கை விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்; அது குறைந்தாலோ மிகையாகச் சூடேறினாலோ எரிவது இந்த விளக்கு. கார் ஓட்டுபவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்த விடைகளை, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். இவை எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. கூலன்ட் வகை, கொள்ளளவு, திறக்கும் முறை ஆகியவற்றில் வண்டியோடு வந்த கையேடு வேறாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

1. டேஷ்போர்டில் ஒரு வெப்பமானி படம் எரிகிறது. கூலன்ட் குறைந்துவிட்டதா, இன்ஜின் சூடாகிவிட்டதா?

இவை இரண்டும் வேறு வேறு செய்திகள். அலைக்கோடுகளின் மேல் நிற்கும் வெப்பமானி சிவப்பில் எரிந்தால், கூலன்டின் வெப்பநிலை எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். தொட்டி ஒன்றுக்குள் அலைக்கோடு வரைந்தது போன்ற படம், கூலன்டின் அளவு குறைந்திருப்பதைக் காட்டுகிறது. சில மாடல்களில் ஒரே படம் இரண்டு வேலையையும் செய்கிறது; அங்கே நிறத்தையும், மின்னுகிறதா நிலையாக எரிகிறதா என்பதையும், கூடவே திரையில் வரும் வாசகத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நீல நிறத்தில் எரியும் வெப்பமானி பழுதைக் குறிப்பதன்று. இன்ஜின் இன்னும் குளிர்ந்த நிலையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். சாவியைத் திருப்பியவுடன் எல்லா விளக்குகளும் சில வினாடிகள் எரிந்து அணைவதும் இயல்பானது. அந்தச் சோதனையின்போது இந்த விளக்கு மட்டும் எரியாவிட்டால் கவலைப்பட வேண்டும், ஏனெனில் உண்மையான ஆபத்திலும் அது எரியப்போவதில்லை.

2. ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வெப்பத்திலும், அதன் விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டரின் உள்ளே இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் (கூலன்டின் வெப்பத்தைக் காற்றில் விடும் பாகம்) என்பதால், இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். இது பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவதற்குள் கிடைக்கும் சிறு உதவி மட்டுமே. ஒதுங்கியவுடன் இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

"வீடு பக்கம்தான், போய்விடலாம்" என்ற எண்ணம்தான் மிகப் பெரிய செலவை உண்டாக்குகிறது. இன்றைய இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் உலோகம் அது; அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும், அதற்கும் இன்ஜினின் கீழ்ப்பகுதியான பிளாக்கிற்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகிவிடும். ஒரு ஹோஸை (ரப்பர் குழாயை) மாற்றி முடித்திருக்கக்கூடிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக மாறுவது அந்தச் சில நிமிட ஓட்டத்தில்தான்.

எரிவது அளவு குறைந்ததைச் சொல்லும் மஞ்சள் விளக்கு மட்டுமே, வெப்பநிலை இயல்பாக இருக்கிறது என்றால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. ஆனாலும் அன்றைய பயணத்தைத் தொடர்வதற்கு முன் நிறுத்திப் பார்த்தாக வேண்டும்.

3. நிறுத்திய பிறகு கூலன்ட் மூடியை எப்போது திறக்கலாம்? பத்து நிமிடம் போதாதா?

போதாது. குளிரூட்டும் அமைப்பு அழுத்தத்தில் இயங்குகிறது. மூடியில் உள்ள வால்வு பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீரும், கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், திறந்த நிலையில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் சேரும்போது அது 125 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் விலகுவதால், அதுவரை கொதிக்காமல் இருந்த திரவம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிடுகிறது. இதனால் ஏற்படும் தீக்காயங்கள் கடுமையானவை.

அரை மணி நேரம் என்பது குறைந்த அளவு. நன்றாகச் சூடேறிய இன்ஜினுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தை விட, ரேடியேட்டரின் மேற்புறத்தை இன்ஜினோடு இணைக்கும் மேல் ஹோஸின் அருகே கையைக் கொண்டுசென்று வெப்பம் அடிக்கவில்லை என்று கண்ட பின் மெல்லத் தொட்டுப் பார்ப்பதே நம்பத்தக்கது. அது வெறும் கையால் பிடிக்கும் சூட்டுக்கு வந்து, அழுத்தினால் எளிதில் அமுங்கினால் மட்டுமே, தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இதற்கிடையில், இன்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. தொட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும்? சூட்டில் பார்த்தால் அதிகமாகவும் காலையில் குறைவாகவும் தெரிகிறதே?

சூட்டில் திரவம் விரிவடைவதால் அப்படித் தெரிகிறது. சமதளத்தில், இரவு முழுவதும் நின்ற வண்டியில், மினிமம் மேக்சிமம் கோடுகளுக்கு இடையில் இருந்தால் சரி. மேக்சிமத்துக்கு மேல் நிரப்புவதில் எந்தப் பயனும் இல்லை. விரிவடைய இடமின்றி அது வெளியேறும், பிறகு கசிவோ என்று தேட வைக்கும்.

தொட்டிகளில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வகையில் தொட்டியே அழுத்தத்தில் இருக்கும். அதன் அளவே அமைப்பின் உண்மையான அளவு. மற்றொரு வகையில் அழுத்த மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும். பக்கத்தில் உள்ள பாட்டில், சூட்டில் வழிவதை வாங்கி, குளிர்ந்ததும் திருப்பித் தருவதற்கு மட்டுமே. இந்த இரண்டாம் வகையில் மூடியின் ரப்பர் கெட்டாலோ இணைக்கும் சிறு குழாய் வெடித்தாலோ, பாட்டில் நிறைந்தே இருக்க ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். எனவே இன்ஜின் நன்கு குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

5. பச்சை, சிவப்பு, நீலம் என்று விற்கிறார்களே, ஒரே நிறமாக இருந்தால் கலக்கலாம் அல்லவா?

நிறத்தை நம்ப வேண்டாம். அது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். எல்லோருக்கும் பொதுவான நிற விதி எதுவும் இல்லை. துருவைத் தடுக்கும் சேர்மங்கள் எவை என்பதே முக்கியம். சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவற்றை நம்பிய பழைய வகையும், கரிம அமிலங்களை அடிப்படையாகக் கொண்ட நீண்டகால வகையும், இரண்டின் கலப்பு வகையும் இருக்கின்றன. பொருந்தாதவற்றைக் கலந்தால் பாதுகாப்பு குறையும். சில சேர்க்கைகளில் கசடு திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கையேட்டில் உள்ள தர எண்ணை புட்டியின் மேல் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

6. வழியில் கூலன்ட் கிடைக்கவில்லை. வெறும் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடுமா?

வேறு வழியில்லாத இடத்தில் நிற்கும்போது, சுத்தமான தண்ணீரை ஊற்றி அருகிலுள்ள பணிமனை வரை மெதுவாகப் போவதில் தவறில்லை. இன்ஜின் குளிர்ந்த பின்னரே ஊற்ற வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால், உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி ஹெட்டோ பிளாக்கோ விரிசல் காணலாம்.

தண்ணீரை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. கொதிநிலை குறையும், துரு பிடிக்கும், உறைபனி விழும் இடத்தில் அது பனிக்கட்டியாகி பிளாக்கையே பிளக்கும். குழாய்நீரின் உப்புகள் உள்ளே படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும்; அதனால் நிரந்தரமாகக் கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். நேர்மாறாக, தண்ணீரே சேர்க்காமல் அடர்கூலன்டை மட்டும் ஊற்றுவதும் பிழை. தண்ணீரை விடக் குறைவாகவே கிளைக்கால் வெப்பத்தைச் சுமக்கும். சரிபாதிக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனிக் கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கலந்தே விற்கப்படும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

7. நிரப்பினேன், விளக்கு அணைந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் எரிகிறது. கூலன்ட் ஆவியாகித் தீர்ந்துவிடுமா?

இந்தத் தொகுப்பிலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த விடையைத்தான். கூலன்ட் எரிபொருளைப் போல் செலவாகும் பொருளன்று. மூடிய அமைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு குறையலாம். வாரத்துக்கு வாரம், மாதத்துக்கு மாதம் குறைந்தால் அது எங்கோ வெளியேறுகிறது. நிரப்புவதால் விளக்கு அணையுமே தவிர, எங்கே வெளியேறுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்கு விடை காணும் வரை பழுது சரியாகவில்லை என்றே கொள்ளுங்கள்.

தேடுவதற்கு எளிய முறை உண்டு. இரவு வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்து, காலையில் எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் நிறமும் மணமும் இல்லாதது. கூலன்ட் விரல்களுக்கு இடையில் வழுக்கும், சாயம் தெரியும், இனிப்பான வாடை வீசும். பிறகு டார்ச் ஒளியில் ஹோஸ்களின் முனைகள், கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டிகள் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ரேடியேட்டருக்குப் போகும் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடு ஆகியவற்றைப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ நிறத்தோடோ பொருக்குபோல் ஒட்டியிருக்கும். கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்ததைக் காட்டுவதற்காகவே வைக்கப்பட்டது அது. அதன் கீழே ஈரத் தடம் ஓடியிருந்தால் பம்பை மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்பாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதே அறிவுடைமை.

கண்ணுக்குப் புலப்படாவிட்டால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சிறிது நேரம் கவனிக்கும் சோதனை அது. மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். விலை குறைந்த அந்த மூடியே காரணமாக இருப்பதும் உண்டு.

8. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனாலும் குறைகிறது. எங்கே போகிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன. சூடான பாகத்தின் மேல் சொட்டி, தரைக்கு வருவதற்குள் ஆவியாகலாம். ஓட்டி நிறுத்தியதும் பானெட்டிலிருந்து இனிப்பு வாடை வரும். காருக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (2ஆம் விடையில் சொன்ன சிறிய ரேடியேட்டர்) கசியலாம். முன்பக்கக் கால் விரிப்பு ஈரமாகும், கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்கும். மூன்றாவது, இன்ஜினுக்குள்ளேயே போவது.

உள்ளே போகிறது என்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். டீசல் வண்டிகளில் புகையை மறுசுழற்சி செய்யும் ஈ.ஜி.ஆர். கூலரும் காரணமாகலாம். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகை, இயங்கும்போது தொட்டியில் விடாமல் எழும் குமிழிகள், எண்ணெயில் பால் கலந்தது போன்ற தோற்றம், இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகும் கல்போல் இறுகியிருக்கும் மேல் ஹோஸ் ஆகியவை அறிகுறிகள். குளிர்காலத்தில் குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டியில் எண்ணெய் மூடியின் அடியில் சிறிது வெண்படலம் ஈரப்பதத்தாலும் படியும். அதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். தொட்டியின் மேல் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனையில், பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். அந்தச் சான்று கிடைத்த பின் முடிவெடுங்கள்.

9. அளவு சரியாக இருக்கிறது, வெப்பமும் இல்லை. ஆனாலும் அளவு விளக்கு எரிகிறது. சென்சாரா?

4ஆம் விடையில் சொன்னபடி உண்மையான அளவைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், ஆம், சென்சாரை ஐயப்படலாம். ஒரு வகையில் காந்தம் பொருத்திய மிதவை ஒரு சிறு சுவிட்சை இயக்குகிறது. கசடு படிந்தால் மிதவை கீழேயே சிக்கிக்கொள்ளும். மற்றொரு வகையில் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே கூலன்ட் வழியாக மின்சாரம் கடக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. முனைகளில் படிவு ஏறினாலோ, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத வெறும் டிஸ்டில்டு வாட்டர் நிறைந்திருந்தாலோ, தொட்டி நிறைந்திருந்தும் காலி என்றே அது சொல்லும்.

முதலில் இணைப்பியைக் கழற்றி, பின்களில் பச்சை அரிப்போ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தொட்டியை இறக்கிக் கழுவுங்கள். பல கார்களில் சென்சார் தொட்டியோடு சேர்ந்தே வருவதால், மாற்றினால் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

10. காலையில் எரிகிறது, சிறிது ஓடியதும் அணைகிறது. திருப்பங்களிலும் மின்னுகிறது.

அளவு மினிமம் கோட்டை ஒட்டி நிற்கிறது. குளிரில் சுருங்கும்போதும், திருப்பத்தில் திரவம் ஒரு பக்கம் சாயும்போதும் சென்சாருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நிரப்புங்கள், பிறகு 7ஆம் விடையில் சொன்ன தேடலைத் தொடங்குங்கள்.

11. நெரிசலில் நின்றால் சூடேறுகிறது, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது. என்ன பழுது?

விசிறியைப் பாருங்கள். வேகத்தில் காற்று தானாக ரேடியேட்டரைக் கடக்கிறது. நிற்கும்போது விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலான கார்களில் விரைவான சோதனை. சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். ஏ.சி.யோடு சுழன்று, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுழலவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. வெப்பநிலை சென்சாரையோ அதன் கட்டுப்பாட்டையோ ஐயப்பட வேண்டும்.

இதற்கு எதிர்மாறாக, நின்றால் சரியாக இருந்து, வேகத்திலோ மேட்டிலோ மட்டும் சூடேறினால், கூலன்டின் ஓட்டமோ காற்றோட்டமோ போதவில்லை என்று பொருள். உள்ளே அடைத்த ரேடியேட்டர், வெளியே தூசியும் பூச்சியும் அப்பிய துடுப்புகள், இறக்கை தேய்ந்த பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், உறிஞ்சும் வேகத்தில் உள்நோக்கிச் சப்பும் கீழ் ஹோஸ் ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும்.

12. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடேறாது என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். இன்ஜின் விரைவில் இயங்கு வெப்பத்தை அடையவும், அங்கேயே நிற்கவும் தெர்மோஸ்டாட் தேவை. அது பொதுவாக 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகிறது. இல்லாவிட்டால் இன்ஜின் குளிர்ந்தே ஓடி எரிபொருளை வீணாக்கும், தேய்மானமும் கூடும். மேலும் பல இன்ஜின்களில் திறக்கும் அதே தெர்மோஸ்டாட்தான் சுற்றுவழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும், சூடு கூடவும் செய்யும். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கக்கூடும். புதியதை மாற்றச் சொல்லுங்கள்.

13. வெப்ப முள் நடுவில் நிற்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. எதை நம்புவது?

விளக்கை நம்புங்கள். இன்றைய பல கார்களில் முள் உண்மை வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் வீணாகக் கலங்காதிருக்க, ஒரு நீண்ட எல்லைக்குள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இதை விட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. வெப்பநிலை சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் பெருமளவு வெளியேறிவிட்டால் அது காற்றில் தொங்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்க, முள் இயல்பாகவே நிற்கலாம், திடீரென்று இறங்கவும் செய்யலாம். ஹீட்டரிலிருந்து வந்துகொண்டிருந்த வெப்பக் காற்று சட்டென்று குளிர்ந்தால் இந்த நிலை என்றே கொண்டு, உடனே நிறுத்துங்கள்.

14. பம்ப் மாற்றிப் புதுக் கூலன்ட் ஊற்றிய மறுநாளே விளக்கு எரிகிறது. வேலை சரியில்லையா?

உள்ளே காற்று தங்கியிருக்கலாம். அது மெல்ல வெளியேறும்போது அளவு இறங்கும். ஹெட்டில் தங்கிவிட்டால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். காற்றை வெளியேற்றும் திருகு எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். பொதுவாக ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, மெதுவாக நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இயக்கி, குளிர்ந்த பின் மறுபடி நிரப்புவார்கள். ஒரு முறை குறைந்து, நிரப்பிய பின் நிலைத்தால் கவலையில்லை. இரண்டாம் முறையும் குறைந்தால் பொருத்திய இடத்தில் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

15. கசிவை அடைக்கும் திரவம் ஊற்றினால் வேலை முடிந்துவிடும் என்கிறார்களே?

ரேடியேட்டரில் உள்ள ஊசித்துளைக் கசிவைச் சில காலம் அது நிறுத்தக்கூடும். ஆனால் எது துளை, எது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் என்று அதற்குத் தெரியாது. ஆள் நடமாட்டமற்ற இடத்திலிருந்து மீண்டு வருவதற்கான கடைசி வழி என்ற அளவில் மட்டுமே அதைக் கருதுகிறேன். ஊற்ற நேர்ந்தால், பிறகு பழுதைச் சரிசெய்து, அமைப்பைக் கழுவி, புதிய கூலன்ட் நிரப்புங்கள்.

16. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்று வருகிறது. இது சூடேறுவதைப் பற்றியதா?

இல்லை, கூலன்ட் எதிர்பார்த்த வெப்பத்தை எட்டவில்லை என்பதே அதன் பொருள். திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் வழக்கமான காரணம், குறைந்த கூலன்டும் இதை உண்டாக்கும். பி0217 இன்ஜின் மிகைச்சூட்டைக் குறிக்கிறது. பி0117, பி0118 ஆகியவை வெப்பநிலை சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருப்பதைச் சொல்கின்றன. சென்சாரை மாற்றுமுன் கம்பியையும் இணைப்பியையும் பாருங்கள். குறியீடு சுட்டுவது சுற்றை மட்டுமே, கெட்ட பாகத்தையன்று.

17. மின்சாரக் காரில் இன்ஜினே இல்லையே, கூலன்ட் விளக்கு ஏன்?

பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார் ஆகியவற்றையும் குளிர்விக்க வேண்டும். ஹைப்ரிட் கார்களில் இன்ஜினுக்கு ஒன்று, மின்பாகங்களுக்கு ஒன்று எனத் தனித்தனித் தொட்டிகள் இருக்கலாம். எது குறைந்தது என்று திரையில் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். சில பேட்டரி அமைப்புகள் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனிக் கூலன்டைக் கேட்கின்றன; அங்கே கையில் கிடைத்ததை ஊற்றுவது ஆபத்து. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. நிரப்புவதைத் தவிர மற்ற எதையும் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

18. எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

குளிர்ந்த நிலையில் உள்ள அளவைத் தொட்டியின் வெளிப்புறத்தில் மார்க்கரால் குறித்து, முதல் ஒரு மாதம் வாரம் ஒரு முறையாவது அதே இடத்தில் வண்டியை நிறுத்தி ஒப்பிடுங்கள். இன்ஜின் ஒரு முறை மிகையாகச் சூடேறியிருந்தால், 8ஆம் விடையில் சொன்ன அறிகுறிகளையும் சேர்த்துக் கவனியுங்கள். ஹெட் கேஸ்கெட்டின் பாதிப்பு சில வாரங்கள் கழித்தும் வெளிப்படும். பழைய வகைக் கூலன்டை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், கரிம அமில வகையைப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது வழக்கம்.

வடித்த பழைய கூலன்டைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், திறந்த பாத்திரத்திலும் வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குழந்தைகளும் அதைக் குடித்துவிடக்கூடும், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இறுக மூடிய கேனில் அடைத்து, பழைய எண்ணெயையும் கூலன்டையும் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படையுங்கள். சிந்திய இடத்தை அன்றே தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள்.